முக்கு வயலின் உயரம்

நம் கணக்கு வாத்தியார் தெரிந்தே தப்பான கணக்குப் போட்டார். வாய் தவறிச் சொன்னதல்ல, மறந்துபோய்ச் சொன்னதுமல்ல. முக்கோணத்தின் பரப்பளவு எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நமக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

சாருக்கு எடுக்கப்போகிற பாராட்டு விழாவின் மலருக்கு ஆளுக்கொரு நினைவு எழுதித் தரச் சொல்லி நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். சாரைப் பற்றி மனதைத் தொட்ட சம்பவம் ஏதாவது வேண்டுமாம். இதுவரை வந்ததையெல்லாம் படித்தேன். சாரின் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்குமாம். சார் அடித்த அடிதான் ஒருவனை வங்கி மேலாளர் ஆக்கியதாம். அடி வாங்கியவர்களெல்லாம் ஆளாகியிருந்தால் நம் வகுப்பில் பாதிப் பேர் கலெக்டராகியிருக்க வேண்டும். இன்னொருத்தி அவரைத் தெய்வம் என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு அவர் கணக்கில் முட்டை போட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

எல்லோருக்கும் அறுபது தாண்டிவிட்டது. மூட்டு வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொள்கிற வயதில் பழைய வாத்தியாருக்கு மாலை போட ஆசை வருவது சகஜம். எனக்கு வரவில்லை. நான் தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் பக்கம் மெஸ் நடத்துகிறவள். நயமாக எழுத எனக்கு வராது. வந்தாலும் இந்த ஆளுக்காக அதைச் செலவு செய்ய மாட்டேன். நீங்கள் கேட்ட சம்பவம் இதோ. நாம் ஒன்பதாவது படித்த வருடம்.

என் தாத்தா மிராசு வீட்டுப் பண்ணையாள். அப்பாவும் பாதி வயசு வரை அடுத்தவன் வயலில் கூலிக்கு அறுத்தவர்தான். அதன்பிறகு நீடாமங்கலம் ரோட்டை ஒட்டி ஒரு வயல் வாங்கினார். எங்கள் தெருவில் சொந்தமாக வயல் வாங்கிய முதல் ஆள் அவர். அந்த வயலில் அவர் எடுத்தது ஒரே ஒரு போகம். அதற்குள் மிராசுக்கு அந்த இடத்தில் ரைஸ் மில் கட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டது. லாரி வந்து நிற்க ரோட்டோரம்தானே வசதி.

மிராசு அதைப் பறிக்கவில்லை. பறித்திருந்தால் ஊர் பேசியிருக்கும். மாற்றிக்கொள்ளலாம் என்றார். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் அவருக்கு ஒரு வயல் இருந்தது. பிரிகிற முனையில் மதகு. மதகிலிருந்து இரண்டு பக்கமும் இரண்டு வாய்க்கால் விலகிப் போகும். எதிரே அடிவரப்பு அவற்றை இணைக்கும். நடுவில் அகப்பட்டதுதான் முக்கு வயல். இரண்டு பக்கமும் ஒரே நீளம், அடிவரப்பு அதைவிடக் கொஞ்சம் நீளம். தண்ணீருக்குக் குறைவே கிடையாது. மதகுப் பலகையைத் தூக்கினால் முதலில் நனைவது அந்த வயல்தான். அதைக் காட்டித்தான் அப்பாவை மயக்கினார்கள். மயக்கக்கூட வேண்டியதில்லை. ‘மாட்டேன்’ என்கிற சொல் அப்பா வாயில் வந்து நான் கேட்டதே இல்லை.

ஆவணியில் அளந்தார்கள். முக்கு வயலில் மிராசின் குறுவைப் பயிர் கதிர் வாங்கி நின்றது. பால் பிடிக்கிற கதிரின் வாசனை உங்களுக்கு மறந்திருக்கும், உங்களில் பாதிப் பேர் இப்போது அரிசியை ஆப்பில் வாங்குகிறீர்கள். கோலுக்கு ஒரு சிவப்புத் துணி முடிந்த கயிற்றை மிராசின் ஆட்கள் வரப்பின் மேல் வைத்து இழுத்தார்கள். கோல் என்பது பன்னிரண்டு அடி. கோலுக்குக் கோல் ஒரு குழி, நூறு குழி ஒரு மா. இதுதான் அன்றைக்கு எங்கள் ஊரின் அளவு.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கதிர் வந்த பயிருக்குள் கயிறு போகக் கூடாது. போனால் விளைச்சல் கட்டுப்பட்டுவிடும் என்பார்கள். எந்த வயலை அளந்தாலும் கயிறு வரப்பின் மேலேயே சுற்றி வரும், நடுவில் இறங்காது. வயல் நாலு பக்கமும் நேராக இருந்தால் அதனால் ஒரு மோசமும் இல்லை. மூணு முக்கு வயலுக்கு அது போதாது. நடுவில் அளக்க முடியாவிட்டால் பக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு உயரத்தை எடுக்க வேண்டும். அதற்குத்தான் கணக்குப் படித்த ஆள் வேண்டும். அதற்குத்தான் அன்றைக்கு நம் சாரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

சார் மதகுக் கட்டையின் மேல் நின்றார். வெள்ளை வேட்டியில் சேறு படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் மிராசு வீட்டு இளநீர். மிராசின் கீழத்தெரு வீட்டில்தான் அவர் வாடகை இல்லாமல் குடியிருந்தார். இது எல்லோருக்கும் தெரியும், மலரில் ஒருத்தரும் எழுதவில்லை.

“இந்தப் பக்கம் இருவத்தஞ்சு கோலு. அந்தப் பக்கமும் இருவத்தஞ்சு. அடிவரப்பு முப்பது” என்றார் சார். “நடுவுல கிழிச்சு ஒரு துண்டத் திருப்பிப் போட்டா என்ன ஆவும்? இருவத்தஞ்சுக்குப் பதினஞ்சு. ஒங்க ரோட்டு வயலு எவ்வளவு?”

“அதும் இருவத்தஞ்சுக்குப் பதினஞ்சுதாங்க” என்றார் அப்பா.

“அப்பறம் என்ன? அதும் மூனே முக்கா மா, இதும் மூனே முக்கா மா. குண்டுமணி வித்தியாசம் கெடையாது.”

மிராசு அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “நல்லாக் கேட்டுக்கப்பா. பின்னால வந்து நொட்ட சொல்லக் கூடாது.”

“நீங்க சொன்னா சரிங்கய்யா.”

“நா எங்கடா சொன்னேன்? வாத்தியாருல்ல சொல்றாரு.”

“சர்வேயர் யாரையாச்சும்…” என்று பெரியப்பா மெதுவாக இழுத்தார்.

“சர்வேயர் வர்றதுக்குள்ள தாளடி நடவே முடிஞ்சிரும். வாத்தியாரவிட ஒனக்கு சர்வேயர் ஒசத்தியா?” என்றார் மிராசு.

பத்திரம் எழுதினார்கள். மூனே முக்கால் மாவுக்கு மூனே முக்கால் மா.

துண்டத்தைத் திருப்பிப் போட்டால் நீள்சதுரம் வரும் என்பது சரி. ஆனால் அந்த நீள்சதுரத்தின் நீளம் சாய்ந்த வரப்பு இல்லை, கிழித்த கோடு. ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஏணி நீளம்தான் சுவரின் உயரம் என்று ஒருவன் சொன்னால் அவனை நாம் என்ன சொல்லுவோம்? அதைத்தான் சார் பட்டப்பகலில் மதகில் நின்று சொன்னார். பதினைந்து பேர் தலையாட்டினார்கள்.

ஐப்பசியில் குறுவைக்கு அடுத்த போகமான தாளடி நட்டோம். மூனே முக்கால் மாவுக்கு என்று கணக்காக நாற்று விட்டிருந்தார் அப்பா. நடவு முடிந்த பிறகும் வரப்பில் நாற்று முடிகள் குவிந்து கிடந்தன. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“என்னா நட்டுருக்கீங்க? எட்ட எட்ட நட்டுட்டு வெத்தல போட்டுக்கிட்டு ஒக்காந்துட்டீங்களா?”

“சாணுக்கு ஒரு குத்துதாங்க வச்சோம். நீங்களே எறங்கிப் பாருங்க” என்றாள் அம்மா.

“அப்பறம் நாத்து ஏன் மிஞ்சுது? ஆகாசத்துலேந்து வுழுந்துச்சா?”

மறுநாள் அம்மாவையும் என்னையும் இறக்கி, நட்ட இடைவெளிகளிலேயே இன்னும் நாற்றைச் செருகச் சொன்னார். குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போனது. சேற்றில் ஊறி விரலிடுக்கெல்லாம் வெந்து, பள்ளிக்கூடத்தில் பேனா பிடித்தால் எரிந்தது. நெருக்கி நட்ட மூலையில் காற்று புகாமல் பயிர் அழுகியது. செருகியும் தீராத நாற்று வரப்பிலேயே பழுத்துச் செத்தது. இல்லாத நிலத்துக்கு விட்ட நாற்று எங்கே போய் நிற்கும்?

மாசியில் அறுத்தோம். களத்தில் தூசி, வைக்கோல் சொறி, வியர்வை. மூட்டைகளை அடுக்கியபோது முப்பது. ஊரில் அந்த வருடம் நன்றாக விளைந்தவர்களுக்கு மாவுக்குப் பத்து மூட்டை. அப்பா மூட்டைகளை மறுபடியும் எண்ணினார்.

மிராசு களத்துப் பக்கம் வந்து நின்றார். “மூனே முக்கா மாவுக்கு முப்பதா? அப்ப மாவுக்கு எட்டு. ஏன்டா, கோடியக்கரைக்குக் கொண்டுபோயி உப்பளத்துல நட்டாக்கூட எட்டு மூட்ட வெளையுமேடா!”

எல்லோரும் சிரித்தார்கள். அறுத்தவர்கள், தூற்றியவர்கள், பெரியப்பா உட்பட.

“போன தடவ ரோட்டு வயலுல மாவுக்குப் பத்து எடுத்தேங்கய்யா” என்றார் அப்பா.

“அது மண்ணு அப்புடி. யாரு போட்டாலும் வெளையும். கூலிக்கு அறுக்குறது வேற, வெள்ளாம பண்றது வேறடா. அது ரத்தத்துல வரணும்.”

அன்று முதல் அப்பாவுக்குப் பெயர் ‘எட்டு மூட்டை’. டீக்கடையில் எட்டு மூட்டைக்கு ஒரு டீ. கூட்டுறவுக் கடையில் எட்டு மூட்டை வந்துட்டாரு, வழி விடுங்க. பள்ளிக்கூடத்தில் நான் எட்டு மூட்ட மவ. அதை முதலில் கூப்பிட்டவள் இப்போது நம் குழுவில் தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் சொல்கிறாள். யாரென்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அப்பா அந்தப் பெயரை நம்பினார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. தன் நிலத்தில் ஏதோ கோளாறு என்று பழைய பனியன் துணியில் மண்ணைக் கட்டிக்கொண்டு நீடாமங்கலத்துக்கு பஸ் ஏறினார். நானும் போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது, வழக்கம்போல் திறக்கவே மாட்டேன் என்றது. வெயிலில் பஸ்ஸுக்குள் அந்த மண் மூட்டையை மடியில் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விவசாய ஆபீஸில் மண்ணைப் பார்த்தவர், “மண்ணுல ஒரு கொறையும் இல்லைங்க” என்றார். நல்ல செய்திதானே? அப்பா முகம் செத்துவிட்டது. மண்ணில் குறை இல்லை என்றால் குறை வேறு யாரிடம்?

பங்குனியில், பரீட்சைக்கு முன்னால், சார் கரும்பலகையில் ஒரு முக்கோணம் போட்டார். இரண்டு பக்கம் பதிமூன்று, அடி பத்து. “இருசமபக்க முக்கோணம். பக்கத்த வச்சுப் பரப்பளவு கண்டுபிடிக்கணும். சாஞ்ச பக்கத்த எடுத்துப் பெருக்கி வைக்காதீங்க, முட்டாளுங்க மட்டுந்தான் அப்புடிச் செய்வாங்க” என்றார். இதே வார்த்தைகள். நடுவில் ஒரு கோடு இறக்கினார். அடியில் பாதி ஐந்து. பதிமூன்றின் வர்க்கத்தில் ஐந்தின் வர்க்கத்தைக் கழித்தால் நூற்று நாற்பத்து நாலு. உயரம் பன்னிரண்டு. பரப்பளவு அறுபது.

சாக்பீஸ் அழகாக ஓடியது. கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரிதான் இருந்தது, அதில் பொய்யில்லை.

நான் கடைசிப் பக்கத்தில் இருபத்தைந்தையும் முப்பதையும் போட்டேன். முப்பதில் பாதி பதினைந்து. அறுநூற்று இருபத்தைந்தில் இருநூற்று இருபத்தைந்து போனால் நானூறு. உயரம் இருபது. இருபதுக்குப் பதினைந்து முந்நூறு. மூன்று மா. மூனே முக்கால் இல்லை. எழுந்து நின்றேன்.

“சார், எங்க முக்கு வயலு இருவத்தஞ்சு, இருவத்தஞ்சு, முப்பது. அப்ப உயரம் இருவதுதான சார்? நீங்க அன்னைக்கி இருவத்தஞ்சுன்னு பெருக்குனீங்க.”

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. சார் திரும்பினார். முகத்தில் ஆச்சரியம் இல்லை. தெரியாமல் செய்தவனுக்கு அந்த நேரம் கொஞ்சமாவது ஆச்சரியம் வந்திருக்கும்.

“அது வயலு. இது கணக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத, ஒக்காரு.”

“இல்ல சார்…”

“எட்டு மூட்ட மவளுக்கு அளக்க வந்துருச்சுடா!” என்றார் சார்.

வகுப்பே சிரித்தது. வகுப்பு என்றால் நீங்கள்தான். நூறு பக்கம் விழா மலர் அடிக்கிற நீங்கள்தான். ஒருத்தர்கூடப் பலகையில் இருந்த பதிமூன்றையும் பத்தையும் அழித்துவிட்டு இருபத்தைந்தையும் முப்பதையும் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு நிமிட வேலை அது. முதல் மதிப்பெண் வாங்கியவன் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அவனும் சிரித்தான்.

சாயங்காலத்துக்குள் செய்தி அப்பாவுக்குப் போய்விட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு சார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

“சின்னப் புள்ளைங்க, தெரியாம கேட்டுருச்சு. மனசுல வச்சுக்காதீங்க சார்.”

“புத்திசாலிப் பொண்ணுதான். வாயிதான் கொஞ்சம் நீளம்” என்று சார் பழத்தை வாங்கி உள்ளே வைத்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

சித்திரையில் உளுந்தும் எடுத்து முடித்து வயல் வெறும் பாளமாகக் கிடந்தது. பயிர் இல்லை, கயிறு போகலாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கிணற்றுக் கயிற்றில் கோலுக்குக் கோல் சாக்குத் துணி கட்டினோம். அம்மா மதகு முனையில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நான் அடிவரப்பின் நடுவுக்கு நேராக இழுத்துக்கொண்டு போனேன். வெடிப்புகளில் கால் மாட்டிச் சுளுக்கியது. சூடு உள்ளங்கால் வழியாக ஏறியது. வரப்பைத் தொட்டபோது இருபதாவது துணி என் கையில் இருந்தது.

அப்பா பின்னாலேயே வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கயிற்றைப் பிடுங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மதகு வரை நடந்தார். திரும்பி வந்தார்.

“இருவதுதான?” என்றார்.

“ஆமாப்பா. மூனு மாதான். முக்கா மா ஏமாத்திட்டாங்க.”

அவர் அந்த முக்கால் மாவைக் காதில் வாங்கவே இல்லை. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “மூனு மாவுக்கு முப்பது மூட்ட. அப்ப மாவுக்குப் பத்து.” அம்மாவைப் பார்த்தார். “ஏ, பத்துடி. நமக்கும் பத்துதான்.”

சிரித்தார். அறுவடைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“வாங்கப்பா, ஊருல சொல்லுவோம்” என்றேன்.

சிரிப்பு நின்றது. கயிற்றைச் சுருட்டினார். துணிகளை அவிழ்த்து வாய்க்காலில் போட்டார். “பத்திரம் பதிஞ்சாச்சு. மில்லு செவரு எழும்பிருச்சு. மதவுச் சாவி மிராசு கையில. நமக்குத் தெரிஞ்சா போதும்.”

போதவில்லை. நான் அப்பாவை அதற்காக மன்னிக்கவுமில்லை. அதன்பிறகு எத்தனையோ போகம் அந்த வயலில் ஊரை ஒத்துத்தான் விளைந்தது, சில வருடம் மேலேயே விளைந்தது. எவ்வளவு விளைந்தாலும் ஊர் அதை மூனே முக்காலால் வகுத்தது. வகுத்துவிட்டுச் சிரித்தது. சொந்த மச்சான்கூட வெள்ளாமை விஷயத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் இறந்தபோது பந்தலில் யாரோ, “யாரு, எட்டு மூட்டையா போயிட்டாரு?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. பிறகு உட்பிரிவுக்கு வந்த சர்வேயர் அளந்து தொண்ணூற்று ஒன்பது சென்ட் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று மா என்றால் அதுதான். அதைப் பார்க்க அப்பா இல்லை.

மில்லும் இப்போது இல்லை. இடித்துவிட்டு மிராசின் பேரன்கள் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். ஏசி, லிஃப்ட், கார் நிறுத்த இடம். நீங்கள் விழாவுக்குப் பிடித்திருப்பது அந்த மண்டபம்தான். நீங்கள் மேடை போடப் போகிற தரை எங்கள் ரோட்டு வயல். உங்களுக்கு வாடகை குறைவாகக் கிடைத்ததாம், சார் பெயரைச் சொன்னதும் குறைத்தார்களாம். குறைக்கத்தானே செய்வார்கள்.

எனக்கு நிலம் வேண்டாம். வழக்கும் போட மாட்டேன். சாருக்கு வயது எண்பதைத் தாண்டியாச்சு, இப்போது போய் ஏன் இதைக் கிளறுகிறாய் என்று குழுவில் இரண்டு பேர் தனியாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள். மாலை போட அந்த வயது சரியாக இருக்கிறது, பதில் சொல்ல மட்டும் ஆகாதா? காது கேட்கிறது, கண் தெரிகிறது, போன மாதம்கூட பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த படத்தை நீங்கள்தானே போட்டீர்கள்.

இந்தக் குறிப்பை ஒரு எழுத்தும் வெட்டாமல் மலரில் போடுங்கள். போடாவிட்டாலும் நான் வருவேன், முதல் வரிசையில் உட்காருவேன். மைக்கை அவர் கையில் கொடுத்ததும் ஊர் முன்னால் அவர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சார், இரண்டு பக்கமும் இருபத்தைந்து கோல், அடி முப்பது. அந்த வயல் எத்தனை மா? அதில் முப்பது மூட்டை எடுத்த என் அப்பா, மாவுக்கு எத்தனை மூட்டை எடுத்தார்? சத்தமாகச் சொல்லுங்கள்.